காட்சியும் கருதலும்: கருக்கலைப்பு வாதத்திற் படங்களின் ஆற்றல்

சொல்லினும் படம் வலிது என்பது இக்காலத்தார் பலர்க்கும் உடன்பாடாகிய கருத்து. விளம்பரஞ் செய்வோரும், தேர்தலில் நிற்போரும், அறப்பணிக்குப் பொருள் திரட்டுவோரும் அதனை நம்பியே பெரும்பணம் செலவிடுகின்றனர். அக்கருத்து எத்துணை உண்மை எனச் சோதித்தறிய விரும்புவோர், படம் மிகுதியும் வழங்கிய வாதமொன்றை எடுத்துக்கொண்டு, அதன் தொடக்கத்தையும் விளைவையும் ஒப்புநோக்குதல் வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1960 களின் பிற்பகுதி தொட்டு ஓயாது நடந்துவரும் கருக்கலைப்பு வாதம் அத்தகையது. அவ்வாதத்தில் இருதிறத்தாரும் படத்தைப் படைக்கலமாக ஏந்தினர். தம் படத்தைக் கண்டவர் தம் பக்கம் வந்தே தீருவர் என்றும் நம்பினர்.

கருக்கலைப்பு அறமா அன்றா என்பது இக்கட்டுரையின் பொருளன்று. அவ்வினா நமக்கு அயலானதுமன்று. இலங்கையில் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காக்கும் பொருட்டன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாகவே வகுத்தது. 1995 இல் அதனைத் திருத்த எடுத்த முயற்சி கைகூடவில்லை. எனினும் ஈண்டு நாம் ஆராயப் புகுவது வேறு. ஒருபுறம் பிறவாத உயிர், மறுபுறம் பிறந்து வாழும் பெண் என இரண்டையும் தொடும் சட்டமொன்றை மக்கள் இயற்றப் புகும்போது, அவர்கள் கண்முன் நீட்டப்படும் படம் உண்மையில் என்ன செய்கின்றது? அஃது அறிவிக்கின்றதா, அசைக்கின்றதா, அன்றி முன்பே அசைந்த மனத்துக்கு அணைகொடுக்கின்றதா?

இதற்கு விடை காண்பதற்கு நம் தருக்க நூலார் வகுத்த கருவி பெரிதும் உதவும். பொருளை அளந்தறியும் வாயில்களுள் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் அவர்கள் முதன்மையாகக் கொண்டனர். அவற்றுட் காட்சியை மேலும் பகுத்து, ‘ஏதோ ஒன்று உளது’ என்ற அளவிலே நிற்கும் அறிவை நிருவிகற்பக் காட்சி என்றும், பெயரும் இனமும் குணமும் தொழிலும் பொருந்த ‘இஃது இன்னது’ எனத் தெளியும் அறிவைச் சவிகற்பக் காட்சி என்றும் கூறினர். ஐயமும் திரிபும் தோய்ந்த காட்சி அளவையாகாது எனத் தள்ளினர். சிவஞானசித்தியாரின் அளவைப் பகுதியைப் பயின்ற மாணவர்க்கு இவை புதியன அல்ல. புதிதாக நாம் கேட்கவேண்டியது ஒன்றே: படத்தைப் பார்ப்பவன் ‘கண்டேன்’ என்கின்றானே, அவன் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது, தானே கருதிக்கொண்டது எது?

இவ்வாதத்தின் படவரலாறு கருக்கலைப்பை ஆதரிப்பவராலோ எதிர்ப்பவராலோ தொடங்கப்படவில்லை. 1965 ஏப்பிரில் 30 ஆந் திகதி வெளிவந்த ‘லைஃப்’ இதழின் அட்டையில், சுவீடன் நாட்டு நிழற்படக் கலைஞர் லெனார்ட் நில்சன் எடுத்த படமொன்று இடம்பெற்றது. பதினெட்டு வாரக் கரு, மெல்லிய பனிக்குடத்துள்ளே, தலை தாழ்த்திக் கண்மூடிக் கிடக்கின்றது. அதனைச் சூழ்ந்திருப்பது கரிய வெளி; அவ்வெளியிலே வெண்புள்ளிகள் விண்மீன்போலத் தெறித்துக் கிடக்கின்றன. அவ்விதழ் எண்பது இலட்சம் பிரதிகள் நான்கே நாட்களில் விற்றுத் தீர்ந்தது என்பர். அதற்கு ஆறு வாரம் முன்னரே, மார்ச்சு 18 இல், சோவியத் வீரர் லியோனவ் கயிறொன்றாற் பிணைக்கப்பட்டு விண்வெளியில் மிதந்து காட்டியிருந்தார். கொப்பூழ்க்கொடியோடு இருளில் மிதக்கும் கருவைக் கண்டோர்க்கு அந்த விண்வெளி வீரன் நினைவு வாராதிருந்தால் அதுவே வியப்பு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்ணிய எட்டனுள் இப்படம் எழுப்புவது மருட்கை. அழகிய படம், ஐயமில்லை. அதனைக் காலத்தின் சிறந்த நிழற்படங்களுள் ஒன்றாக எண்ணுவோரோடு நாமும் உடன்படுவோம். ஆயின் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. ஒன்று, அத்தொகுதியிலுள்ள படங்களுட் பெரும்பாலானவை தாயின் வயிற்றிலே எடுக்கப்பட்டவை அல்ல. மருத்துவக் காரணங்களால் அறுவையின் மூலம் வெளியேற்றப்பட்ட கருக்களை ஒளியமைத்து எடுத்தவை. சில காரணங்களுக்குக் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் சுவீடனில் 1938 முதல் இருந்து வந்தது. இதழ் இதனை மறைக்கவில்லை. உள்ளே தெளிவாகவே அச்சிட்டது. அட்டைப்படத்துக் கருவும் அவ்வாறு வெளியேற்றப்பட்டதே. ஆகவே, பிறக்குமுன் வாழ்வு எனத் தலைப்பிட்டு உலகம் வியந்து கண்டது வாழமுடியாத உயிர்களையே. படத்தைப் பார்த்தவர் கோடி; உள்ளே அச்சிட்டதைப் படித்து நினைவிற் கொண்டவர் எத்தனைபேர்?

மற்றையது இன்னும் முக்கியம். அக்கரிய வெளி விண்வெளியன்று. அங்கே ஒரு பெண் இருந்திருத்தல் வேண்டும். அவள் படத்தில் இல்லை. இது நில்சனின் கண்டுபிடிப்பு எனவுங் கூறமுடியாது. 1774 இல் வில்லியம் ஹன்டர் வெளியிட்ட கருப்பை உடற்கூற்று நூலின் பெருஞ்சித்திரங்களிலே, தாயின் உடல் தொடையளவில் வெட்டி நிறுத்தப்பட்டுள்ளது. முகம் இல்லை, பெயர் இல்லை. ஆயினும் அங்கே வெட்டப்பட்ட உடலாவது உண்டு. நில்சனின் படத்திலே அதுவும் போயிற்று. பின்னர் எழுந்த வாதம் முழுவதிலும் இந்த ஒரு நீக்கம் ஆற்றிய தொழில், எந்தக் குருதிப் படம் ஆற்றியதினும் பெரிது என்பது எம் கருத்து.

மருட்கையிலிருந்து இளிவரலுக்குப் போவோம். சின்சினாற்றி நகர மருத்துவர் ஜோன் வில்கியும் அவர் மனைவி பார்பராவும் 1971 இல் கருக்கலைப்புப் பற்றிக் கைந்நூலொன்று வெளியிட்டனர். கலைக்கப்பட்ட கருக்களின் வண்ணப்படங்களை அதிற் சேர்த்தனர். அத்தகைய படங்களைத் துண்டுப்பிரசுரங்களாகவும் பரப்பினர். அடுத்த ஆண்டு நவம்பரில் மிச்சிகன் மாநிலத்திற் கருக்கலைப்பை இருபது வாரம்வரை அனுமதிக்கும் முன்மொழிவு மக்கள் வாக்குக்கு விடப்பட்டது. முன்னர் எடுத்த கருத்துக் கணிப்புக்கள் அது வெல்லும் எனக் காட்டின. வாக்குகளை எண்ணியபோது நூற்றுக்கு 61 பேர் அதனை மறுத்திருந்தனர். வீடுதோறும் போய்ச் சேர்ந்த படங்களே இவ்வெற்றியைத் தந்தன என எதிர்ப்பாளர் கூறினர். படத்தின் வலிமைக்கு இன்றும் எடுத்துக்காட்டாக இதனையே சொல்வர்.

இஃது ஏற்கத்தக்க முடிவுதானா? காரியம் நிகழ்ந்ததற்கு முன் நிகழ்ந்ததெல்லாம் காரணமாகாது. காக்கை இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நம் நியாய நூலார் இதற்காகவே வைத்தனர். மிச்சிகனில் அவ்வாண்டு படம் மாத்திரமா வேலைசெய்தது? தேவாலயங்கள் பொருளும் ஆளும் தந்தன. மருத்துவரும் தாதியரும் மேடையேறினர். இருபது வாரம் என்னும் எல்லை நடுநிலையாளர் பலர்க்கு மிகையாகப் பட்டிருக்கலாம். இவற்றைக் கழித்துப் படத்துக்கு மட்டும் உரிய பங்கைப் பிரித்தெடுத்தல் இயலாது. ஆனால் ஒப்பிட்டுப் பார்த்தற்கு வேறொரு மாநிலம் உண்டு. 1970 இல் வாஷிங்டன் மாநிலத்தில் இதேபோன்ற வாக்கெடுப்பு நிகழ்ந்தது. அங்கும் கருவின் படத்தைப் பெரிய வீதியோரப் பலகைகளிற் பொறித்து, அக்கருவே ‘என்னைக் கொல்லாதே, இந்தப் பிரேரணையைக் கொல்’ என வாக்காளரிடம் இறைஞ்சுவதுபோல எழுதிவைத்தனர். பிரேரணை நூற்றுக்கு 56 வாக்குப் பெற்று நிறைவேறியது. ஒரே மருந்து ஒருவனுக்குக் குணந்தந்து மற்றவனுக்குத் தராதபோது, மருந்தை மாத்திரம் புகழ்தல் வைத்தியனுக்கு அழகன்று.

இத்துறையிலே புழங்கிய படங்களுள் மிகக் கூரியது குருதி படிந்தது அன்று என்பதையும் குறித்தல் வேண்டும். பத்து வாரக் கருவொன்றின் இரு பாதங்களைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்குமிடையே பிடித்து எடுத்த படம் ஒன்று உண்டு. பின்னர் அப்பாதங்களின் உருவம் சட்டையிற் குத்தும் சிறு ஊசியாகவும் வார்க்கப்பட்டுப் பல நாடுகளிற் பரவியது. இலக்கணம் பயின்றவர் இதனைச் சினையாகுபெயர் என எளிதிற் கண்டுகொள்வர். ‘தலைக்கு ஒன்று’ என்னும்போது தலை ஆளைக் குறித்ததுபோல, இங்கே பாதம் முழு மனிதனைக் குறித்து நிற்கின்றது. அப்பருவத்துக் கருவின் உறுப்புக்களுள் நம் உறுப்போடு ஒப்புமை மிக்கது பாதம்; முழு உருவைக் காட்டினால் ஐயம் எழக்கூடிய இடத்திற் பாதத்தைக் காட்டினால் எழாது. சினையைக் கண்டவன் முதலைத் தானே நிரப்பிக்கொள்கின்றான். நிரப்பிக்கொண்டது காட்சியன்று, கருதல். கண்ணை அருவருக்கச் செய்யும் படத்தினும் இப்பாதம் நெடுங்காலம் வழங்கியதற்குக் காரணமும் அதுவே. இளிவரல் எழுந்தால் மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வர். திருப்பிக்கொண்ட முகத்துக்கு எதனையும் உணர்த்தல் அரிது.

எதிர்த்தரப்பாரும் படமின்றி இருந்திலர். அவர்கள் கையாண்ட முதற் சின்னம் உடுப்புக் கொழுவும் கம்பி. கருக்கலைப்புச் சட்டவிரோதமாயிருந்த காலத்திற் பெண்கள் தாமே கருவைச் சிதைக்கக் கையாண்ட கொடிய கருவிகளுள் அஃது ஒன்று. வளைந்த வெறுங்கம்பி; அதில் உடல் இல்லை, குருதி இல்லை. முன்னைய கொடுமையை அறிந்தவர்க்கு அக்கம்பி நடுக்கத்தைத் தரும். அறியாதவர்க்கு அஃது உடுப்புக் கொழுவியே. 1973 சனவரி 22 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கருக்கலைப்பை உரிமையாக ஏற்றபின் வளர்ந்த தலைமுறைக்கு, அச்சின்னத்தை விளக்கியே காட்டவேண்டியதாயிற்று. விளக்கிக் காட்டவேண்டிய சின்னம் பாதி வலிமை இழந்த சின்னம்.

அதே ஆண்டு ஏப்பிரிலில் ‘மிஸ்’ என்னும் பெண்கள் இதழ், பொலிசார் எடுத்த நிழற்படமொன்றை வெளியிட்டது. 1964 இல் கனெற்றிகட் மாநிலத்து வீதியோர விடுதியொன்றில், சட்டவிரோதமான கருக்கலைப்பினால் குருதிபெருகி இறந்த பெண்ணொருத்தி, ஆடையின்றி முழந்தாள் மடித்து முகங்கவிழ்ந்து தரையிற் கிடக்கின்றாள். அன்று அவள் பெயர் அச்சிடப்படவில்லை. இப்படத்தினால் எழுவது அழுகை, அதனோடு அச்சமும். நில்சனின் படத்திலே தாய் மறைந்தாள். இப்படத்திலே கரு மறைந்தது. இருபடங்களையும் ஒருங்கே மேசையில் வைத்துப் பார்ப்பவனுக்கு ஓர் உண்மை புலப்படும். ஒவ்வொன்றும் எதனைக் காட்டுகின்றது என்பதால் அன்று, எதனைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளியது என்பதாலேயே வாதியாகின்றது. இரண்டிலும் உள்ளவரின் சம்மதத்தை எவரும் கேட்டிலர் என்பது மூன்றாவது உண்மை. அப்பெண்ணின் படம் நற்பயனுக்கே பயன்பட்டது என்பாரும் உளர், இருக்கலாம். முகங்கவிழ்ந்து கிடந்தவளை உலகத்துக்குக் காட்டும் உரிமை பிறர்க்கு எங்கிருந்து வந்தது என்னும் வினா அதனால் தீர்ந்துபோகவில்லை.

இனி, இவ்வாதத்தில் மிகப் பெரிதாகப் பேசப்பட்ட படைப்புக்கு வருவோம். 1984 இல் வெளிவந்த ‘த சைலன்ற் ஸ்கிறீம்’ என்னும் இருபத்தெட்டு நிமிடத் திரைப்படம் அது. ‘மௌன அலறல்’ எனத் தமிழாக்கலாம். அதில் தோன்றி உரைப்பவர் பேர்னாட் நேதன்சன் என்னும் மகப்பேற்று மருத்துவர். அவர் சாதாரணர் அல்லர். 1969 இல் கருக்கலைப்புச் சட்டங்களை நீக்கப் போராடிய தேசிய சங்கத்தை நிறுவியோருள் ஒருவர். நியூயோர்க் நகரிற் பெரிய கருக்கலைப்பு நிலையமொன்றை நடத்தியவர். பின் மனம்மாறி எதிரணியிற் சேர்ந்தவர். தம் மனமாற்றத்துக்குக் கழியொலிக் கருவி காட்டிய காட்சிகள் முதன்மையான காரணம் என அவரே எழுதியுள்ளார். ஸ்கான் என நாம் வழங்கும் அக்கருவியை மகப்பேற்று மருத்துவத்துக்குக் கொணர்ந்தவர் கிளாஸ்கோவைச் சேர்ந்த இயன் டொனால்ட். அவரும் தோழரும் 1958 இல் ‘லான்செற்’ இதழில் எழுதிய கட்டுரையே அத்துறைக்கு அடிக்கல். டொனால்டும் கருக்கலைப்பை எதிர்த்தவரே என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

திரைப்படத்தின் நடுப்பகுதி இது. பன்னிரண்டு வாரக் கருவொன்று கலைக்கப்படும்போது கழியொலிக் கருவி பதிந்த காட்சி, தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடுகின்றது. நேதன்சன் அதன் அருகே நின்று, இது தலை, இது வாய், இது கருவி எனச் சுட்டிச் சொல்லி வருகின்றார். கருவி நெருங்கும்போது ‘குழந்தை’ ஒதுங்குகின்றது என்கின்றார். வாய் திறந்து ஓசையின்றி அலறுகின்றது என்கின்றார். 1985 சனவரி 22 இல் கருக்கலைப்பு எதிர்ப்பாளரின் பேரணியோடு பேசிய சனாதிபதி றொனால்ட் றேகன், கொங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருவரும் இப்படத்தைக் கண்டால் அவ்வவலத்தை விரைந்து நிறுத்துவர் எனச் சொல்லப்படுவதை எடுத்துரைத்து, அவ்வாறே ஆகவேண்டும் என வேண்டிக்கொண்டார். படத்தின் ஆற்றல் பற்றி ஒரு நாட்டின் தலைவர் இத்துணை வெளிப்படையாக நம்பிக்கை தெரிவித்தது அரிதினும் அரிது.

இப்படத்தை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி நாம் விமரிசகர்க்குச் சொல்வோம். அவர் காண்பது யாது? கறுப்பும் சாம்பலும் கலந்த மங்கல் வெளியில், ஒளியும் நிழலும் நெளிகின்றன. ஏதோ ஒன்று உளது, அசைகின்றது. இதுவே நிருவிகற்பக் காட்சி. தலை எது, கருவி எது என்பதைப் பயிலாத கண்ணுக்கு அது சொல்லாது. பெயரும் இனமும் குணமும் தொழிலும் வந்து பொருந்துவது நேதன்சனின் நாவிலிருந்து. ‘குழந்தை’ என்பது பெயர். ‘அஞ்சுகின்றது’ என்பது குணம். ‘அலறுகின்றது’ என்பது தொழில். உரையைக் கேட்டபின் ஒலியைத் திரும்ப நிறுத்தினாலும் பயனில்லை. அப்போது மங்கலிலே வாயைக் கண்டே தீருவோம். உரையளவையாற் பெற்றதைக் காட்சியளவையாற் பெற்றதாக நம்பச் செய்தலே இப்படத்தின் கலை. ‘அவர் சொன்னார்’ எனப் பார்த்தவன் சொல்வதில்லை. ‘நான் கண்டேன்’ என்கின்றான்.

தலைப்பையும் நோக்குக. ஓசையில்லாத அலறல் என்பது நேர்ச்சொல் அன்று. ‘அலறுவது போல’ என்றிருந்தால் உவமை. கேட்பவன் பொருந்துமா பொருந்தாதா எனத் தானே சீர்தூக்குவான். ‘போல’ என்னும் உருபு கெட்டு ‘அலறுகின்றது’ என நின்றதும் உருவகமாயிற்று. சீர்தூக்குவதற்கு இடமில்லாது போயிற்று. பாட்டிலே இது நயம். சட்டத்துக்குச் சான்றாக வைக்கும்போது இது நயமாகுமா என்பதே கேள்வி. கரு என்பதா, சிசு என்பதா, குழந்தை என்பதா? எந்தப் பெயரைச் சொல்கின்றோமோ அதிலேயே வாதத்தின் பாதி அடங்கிவிடுகின்றது. படம் தொடங்குமுன்னரே பெயர் தீர்ப்பளித்துவிட்டது.

எதிர்த்த மருத்துவர் பலர் படத்தின் பிழைகளை எடுத்துக்காட்டினர். பதிவின் வேகம் இடையே கூட்டப்பட்டது, அதனாலேயே அசைவு பதறுவதுபோலத் தோன்றுகின்றது என்றனர்; மேசைமீது காட்டிய பொம்மை உருவம் உண்மையளவினும் பெரிது என்றனர்; நோவை உணர்தற்கு வேண்டிய மூளையமைப்புப் பன்னிரண்டு வாரத்தில் உருவாவதில்லை என்றனர். பிரித்தானிய மகப்பேற்று மருத்துவர் கல்லூரியும் 2010 இல் வெளியிட்ட அறிக்கையில், இருபத்துநான்கு வாரத்துக்கு முன் நோவுணர்வு இயலாது என முடிவுகட்டியது. மாறான கருத்துடைய ஆய்வாளர் சிலரும் உளர்.

இம்மறுப்புக்கள் வேண்டியனவே, ஆயின் இவற்றால் வாதம் முடிந்துவிடவில்லை. அதன் காரணத்தை நன்குணர்ந்து எழுதியவர் றொசலின்ட் பெச்செஸ்கி என்னும் அறிஞர். 1987 இல் அவர் எழுதிய கட்டுரை, பெண்ணுரிமை பேசுவோருள் ஒருவர் தம் பக்கத்தாரையே விழிக்கச் செய்த கட்டுரை. படத்தின் மருத்துவப் பிழைகளை எண்ணுவதோடு நின்றால், படம் ஒரு மருத்துவச் சான்று என்னும் அதன் உரிமைப்பேச்சை நாமே ஏற்றவராவோம். அது செய்வது வேறு, கருவைத் தாயினின்று பிரித்துத் தனிமனிதனாக நிறுத்துகின்றது, ஆகவே பெண்ணை மீண்டும் படத்துள் வைப்பதே தக்க விடை என்பது அவர் கூறியதன் சாரம். அதே கழியொலிப் படத்தை ஆவலோடு எதிர்பார்த்து மகிழும் தாய்மாரும் உளர் என்பதை அவர் மறைக்காதது அக்கட்டுரையின் நேர்மைக்குச் சான்று. குறை சொல்வதானால் ஒன்று சொல்லலாம். படம் பார்ப்போர் மனத்திற் பொதுவாகப் பதிவதை அவர் நுணுகி விளக்கினார். அப்பதிவு எத்தனைபேரை முடிவு மாறச் செய்தது என்னும் கணக்குக்குள் அவர் புகவில்லை.

அக்கணக்கின் ஒரு பகுதி பின்னர்க் கிடைத்தது. அதற்கு முன் ஒரு சிறு வரலாறு. 1983 இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ இரு மருத்துவ அறிஞரின் குறிப்பொன்றை வெளியிட்டது. தொடக்கத்திலேயே கருவின் கழியொலிப் படத்தைக் காணும் தாய்க்கு அதன்பாற் பாசம் உண்டாகலாம், அதனாற் கருக்கலைப்புக் குறையலாம் என்பது அதன் கருத்து. அது சான்றாகக் கொண்டது இரண்டே பெண்களை. இரண்டு பெண்களைப் பற்றிய அவ்வூகத்தைப் பலர் நிலைநாட்டப்பட்ட உண்மைபோல எடுத்தாண்டனர். பின்னர் அமெரிக்காவின் மாநிலங்கள் பல, கருக்கலைப்பை நாடிவரும் பெண்ணுக்கு முதலில் அப்படத்தைக் காட்டவோ காட்ட முன்வரவோ வேண்டும் எனச் சட்டமே இயற்றின. படம் மனத்தை மாற்றும் என்னும் நம்பிக்கைக்கு இதனினும் பெரிய சோதனை வேறில்லை.

2014 இல் வெளிவந்த ஆய்வொன்று, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் கருக்கலைப்பு நிலையங்களுக்கு 2011 இல் வந்த 15,575 வருகைகளை ஆராய்ந்தது. அங்கே படத்தைக் காண்பதும் காணாது விடுவதும் பெண்ணின் விருப்பம். நூற்றுக்கு 42.5 பேர் காண விரும்பினர். கண்டவருள் நூற்றுக்கு 98.4 பேரும், காணாதவருள் 99 பேரும் கருக்கலைப்பை மேற்கொண்டனர். முன்பே உறுதியான முடிவோடு வந்தவரைப் படம் சற்றும் அசைக்கவில்லை. ஐயத்தோடு வந்தவர் நூற்றுக்கு ஏழு பேர். அவருள் மாத்திரம் படத்தைக் கண்டவரிற் சிலர் கருவைத் தொடர்ந்து சுமக்க முடிவுசெய்தனர். இதில் ஒரு நுட்பமுண்டு. தாமே விரும்பிக் கண்டவரைப் பற்றியது இக்கணக்கு. கட்டாயத்தால் காட்டப்பட்டவர்க்கு இதனை அப்படியே ஏற்றிச் சொல்லுதல் ஆகாது. எனினும் படத்துக்கு மிக அண்மையில், தன் வயிற்றுக் கருவையே காணும் நிலையில் உள்ளவளை அது இத்துணைச் சிறிதே அசைத்ததாயின், வீதியோரத்தில் அயலார் கருவின் படத்தைக் கண்டு செல்பவனைப் பற்றி என்ன சொல்வது? அவன் அசைந்தான் என்பது, அவன் முன்பே சாய்ந்திருந்தான் என்பதாகவே இருத்தல் கூடும்.

றேகன் கூறிய முன்மொழிவும் இவ்வாறே முடிந்தது. படத்தின் பிரதிகள் கொங்கிரஸ் உறுப்பினர்க்கு அனுப்பப்பட்டன. கருக்கலைப்பைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறவில்லை. 1973 ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022 சூன் 24 இல் உயர் நீதிமன்றம் மாற்றியது உண்மை. ஆயின் அம்மாற்றத்துக்கு வழிசெய்தது நீதிபதிகளை நியமித்த தேர்தல்கள். நீதிபதிகள் எழுதிய தீர்ப்பு வாதங்களும் சட்ட வரலாற்றைப் பற்றியன, படங்களைப் பற்றியன அல்ல.

அமெரிக்காவுக்கு வெளியே அயர்லாந்தின் வரலாறு இதனை வேறொரு பக்கத்திலிருந்து காட்டுகின்றது. 1983 இல் அந்நாட்டு மக்கள் நூற்றுக்கு 66.9 வாக்கினால், பிறவாத உயிருக்கும் தாய்க்கும் சம உரிமை தரும் திருத்தத்தை அரசியலமைப்பிற் சேர்த்தனர். 2018 மே 25 இல் நூற்றுக்கு 66.4 வாக்கினால் அதனை நீக்கினர். இரண்டாவது வாக்கெடுப்பின்போது தெருக்கம்பந்தோறும் கருவின் படம் தொங்கியது. மகப்பேற்று மருத்துவமனைகளுக்கு வெளியே சிதைந்த கருக்களின் பெரும்படங்களை விரித்து நின்றனர் சிலர். அவற்றுக்கு எதிரே ஒரு முகம் இருந்தது. கர்நாடகத்திலிருந்து சென்று கால்வே நகரில் வாழ்ந்த பல்மருத்துவர் சவிதா ஹலப்பனவர், கருச்சிதைவு தவிர்க்கமுடியாதெனத் தெரிந்தபின்னும், கருவின் இதயம் துடிக்கின்றது என்பதனாற் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, குருதியில் நச்சு பரவி 2012 ஒக்டோபர் 28 இல் இறந்தார். புன்னகையோடு நோக்கும் அவர் நிழற்படம் நாட்டிலெங்கும் பரவியது. டப்ளின் நகரச் சுவரொன்றில் ஓவியமாகவும் வரையப்பட்டது. வாக்களித்துவிட்டு வந்தவர் அதனருகே சிறு தாள்களிற் குறிப்பெழுதி ஒட்டினர்.

அப்படத்தில் காயமில்லை, கண்ணீரில்லை. அதைக் கண்டவன் கலங்கியது அவர் கதை அவனுக்குத் தெரிந்திருந்தமையால். கதையறியாத வேற்றூரான் அழகிய இளம்பெண் ஒருத்தியையே கண்டிருப்பான். எதிரணியார் இதற்கு விடையும் வைத்திருந்தனர்: அவர் இறந்தது சட்டத்தாலன்று, நோய்த்தொற்றைக் கவனியாது விட்ட மருத்துவத் தவற்றால் என்றனர், விசாரணைகளும் கவனிப்பிற் குறைபாடுகள் இருந்தனவெனக் கண்டன. இவ்விரு விளக்கத்துள் எது சரி என்பதை அந்தப் புன்னகை தீர்க்கவல்லது அன்று. எனினும் பெச்செஸ்கி வேண்டியது போலப் பெண் மீண்டும் படத்துள் வந்தாள். பெயரோடு வந்தாள் என்பது பெரிய வேறுபாடு.

2022 ஒக்டோபரில் ‘கார்டியன்’ பத்திரிகை வெளியிட்ட படங்களை ஈற்றிற் குறிப்பிடலாம். ஐந்து முதல் ஒன்பது வாரம்வரை கலைக்கப்பட்டவற்றைக் கழுவிக் கண்ணாடித் தட்டில் வைத்து அமெரிக்க மருத்துவர் குழுவொன்று எடுத்த படங்கள் அவை. கையில்லை, காலில்லை, முகமில்லை. வெண்பஞ்சுபோன்ற இழையம் மாத்திரமே காணப்பட்டது. ஐம்பதாண்டுக் காலம் மிகைப்படுத்திய படங்களுக்கு இதுவே உண்மையான விடை என ஆதரிப்போர் மகிழ்ந்தனர். உருப்பெருக்கிக் கண்ணாடிகொண்டு பார்த்தால் முளையம் தெரியும், கழுவியதில் அது மறைந்தது என எதிர்ப்போர் சினந்தனர். உண்மையில் இப்படமும் பழைய தொழிலையே செய்தது. காணாமையைக் காட்டி இன்மையைக் கருதச் செய்தது. கண்ணுக்குத் தெரியாதது இல்லாததன்று என்பதைத் தருக்கம் பயிலாதவனும் அறிவான். தெரிவதெல்லாம் மனிதனாகிவிடுவதும் இல்லை.

அடுத்த மாதம், நவம்பர் 8 இல், மிச்சிகன் மக்கள் மீண்டும் இதே வினாவுக்கு வாக்களித்தனர். 1972 இல் நூற்றுக்கு 61 பேர் மறுத்த மாநிலம், இம்முறை ஏறத்தாழ 57 பேரின் வாக்கினாற் கருக்கலைப்பு உரிமையை அரசியலமைப்பில் எழுதிக்கொண்டது. இடைப்பட்ட ஐம்பதாண்டிற் கருவின் படம் அங்கே அருகிவிடவில்லை; பெருகியது. துண்டுப்பிரசுரத்தில் ஒருமுறை கண்டதை, 1972 ஆம் ஆண்டு வாக்காளரின் பேத்திமார் மருத்துவமனைத் திரையிலும் உறவினர் அனுப்பும் கைத்தொலைபேசிச் செய்தியிலும் நாள்தோறும் காண்கின்றனர். தம் பிள்ளைகளின் ஸ்கான் படத்தைப் பேணி வைத்திருக்கும் தாய்மார் பலர், அன்று அவ்விரு பக்கத்திலும் வாக்களித்திருப்பர்.